ஏகாம்பரத்தின் கால் நகம்

படுக்கையில் கிடந்த மனிதரின் விரல் நகங்கள் அத்தனையும் நீலம். லேசான நீலம்கூட இல்லை, நல்ல மயில்கழுத்து நீலம். மூக்கையும் வாயையும் மூடிய ரப்பர் முகமூடிக்குள் ஆக்சிஜன் உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களிலிருந்து கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்துகொண்டிருந்தது.

"பார்த்தீங்களா டாக்டர்? சயனோசிஸ். புத்தகத்துல போட்டிருக்கிற படம்கூட இவ்வளவு நல்லா இருக்காது" என்றார் பெரிய டாக்டர்.

ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் நகமும் உதடும் நீலம் பாரிக்கும். அதற்குத்தான் அந்தப் பெயர். ஃப்ளூ காய்ச்சல் நுரையீரலில் இறங்கிவிட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை கிடையாது. பெண்கள் வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்த என்னை, "ஓடுங்க டாக்டரம்மா, ஆண்கள் வார்டுல பெரிய டாக்டர் கத்தறார்" என்று சிஸ்டர் விரட்டியிருந்தார். மூச்சிரைக்க வந்து நின்றேன்.

பெரிய டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கெட்டிக்காரர். ஸ்டெதஸ்கோப்பை வைப்பதற்கு முன்பே பாதி நோயைச் சொல்லிவிடுவார். அவசர கேஸ் என்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. குரல்தான் கொஞ்சம் மைக் செட்.

எங்கள் வார்டில் அப்போது உருப்படியாக வேலை செய்த ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றே ஒன்று. அது இந்த நீல நகக்காரருக்குப் போய்க்கொண்டிருந்தது.

நான் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தேன். நாடி நிதானமாக ஓடியது. நெற்றியைத் தொட்டேன், சூடே இல்லை. மார்பு அழகாக ஏறி இறங்கியது. கையைத் திருப்பினேன். உள்ளங்கை ரேகைகளிலும் நீலம், விரல் இடுக்குகளிலும் நீலம். எந்தக் காய்ச்சலும் உள்ளங்கை ரேகைக்கு வண்ணம் பூசாது.

முகமூடியைக் கழற்றினேன்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"சாயம் போடறேம்மா. பேரு வரதன்."

"ஜுரமா உங்களுக்கு?"

"இல்லமா."

"பின்னே எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க?"

"மச்சானுக்கு ஜுரம்மா. அவரைக் கூட்டிக்கினு வந்தேன். பெரிய டாக்டர் என் கையப் பாத்துட்டு, படு, நிலைமை மோசம்னாரு. படுத்துட்டேன்."

"மச்சான் எங்கே?"

வரதன் நீல விரலால் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையைக் காட்டினார்.

கொஞ்சம் பொறுங்கள்

தரையில் இருந்தவரிடம் வருகிறேன். அதற்கு முன்னால் இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகிக்குப் பதில் சொல்ல வேண்டும். "ஃப்ளூ என்பது மூக்கு ஒழுகுகிற சமாசாரம்தானே, அதற்கு ஒரு அத்தியாயமா?" என்று போன வாரம் கேட்டிருந்தார். அம்மா, அந்தப் பருவத்தில் நீங்கள் காஞ்சிபுரத்தில் இருந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அறுபதுகளின் கடைசியோ, எழுபதுகளின் தொடக்கமோ. மழை விட்டுப் பனி இறங்கியிருந்த நாட்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நான் நெசவுக்காரத் தெருக்கள் வழியாகத்தான் நடந்து வருவேன். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். ஒருநாள் காலையில் ஒரு தெரு முழுக்கச் சத்தமே இல்லை. மறுநாள் அடுத்த தெருவும் ஓய்ந்துபோனது. உள்ளிருந்து இருமல் மட்டும் கேட்டது. ஃப்ளூ வந்திருப்பதை எங்கள் தெர்மாமீட்டருக்கு முன்னால் என் காது கண்டுபிடித்தது அப்படித்தான்.

கோர்வைப் புடவை நெய்கிற தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். நெய்கிறவர் ஒருவர், கரைப் பக்கம் ஊடை நூல் சுற்றிய நாடாவை எறிந்து கொடுக்கிறவர் ஒருவர். இருவரும் கைக்கெட்டும் தூரத்தில், ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படும்படி நாளெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். ஃப்ளூவுக்கு வேறென்ன வேண்டும்? நோயாளிகள் ஜோடி ஜோடியாக வந்தார்கள்.

கட்டில் நிரம்பித் தரையில் பாய் போட்டோம். தரையும் நிரம்பி வராந்தாவுக்குப் போனோம். ஐயம்பேட்டையிலிருந்தும் செவிலிமேட்டிலிருந்தும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சிலர் வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, அம்மன்தான் வந்திருக்கிறாள் என்று நாலு நாள் காத்திருந்துவிட்டு, அம்மை முத்து ஒன்றும் போடாததால் எங்களிடம் வந்தார்கள்.

லேபில் ஃப்ளூவைக் கண்டுபிடிக்கிற வசதியெல்லாம் எங்களுக்கு ஏது? தடாலென்று ஆரம்பித்த காய்ச்சலா, மெல்ல ஏறிய காய்ச்சலா என்று கேட்போம். மெல்ல ஏறினால் டைஃபாய்டு பக்கம் யோசிப்போம். நடுக்கி நடுக்கி விட்டுவிட்டு வந்தால் மலேரியா. "நேத்து நல்லாத்தான் இருந்தேன், மத்தியானம் யாரோ கட்டையால அடிச்ச மாதிரி விழுந்துட்டேன்" என்றால் ஃப்ளூ. அநேகம் பேருக்குக் காய்ச்சலுக்கும் வலிக்கும் ஏ.பி.சி. மாத்திரை, கஞ்சி, ஓய்வு, அவ்வளவுதான். நாலைந்து நாளில் எழுந்து போய்விடுவார்கள்.

எங்கள் வேலையே மற்றவர்களைக் கண்டுபிடிப்பதுதான். நூறு பேர் ஒரே மாதிரி இருமிக்கொண்டிருக்கும்போது, யாருக்குக் காய்ச்சல் மார்பில் இறங்கி நிமோனியாவாகிறது என்று பிரித்தெடுக்க வேண்டும். அவருக்குத்தான் பென்சிலின், அவருக்குத்தான் அந்த ஒற்றைச் சிலிண்டர். ஆளை மாற்றிவிட்டோம் என்றால் கதை முடிந்தது.

உண்மையைச் சொன்னால் அடிக்க வராதீர்கள். எனக்கு அந்த நாட்கள் ரொம்பப் பிடித்திருந்தன. படிப்பு முடித்து இரண்டாவது வேலை, இருபத்தேழு வயது. காலையில் வார்டுக்குள் நுழைந்தால் பசி தெரியாது, கால் வலி தெரியாது. ஒவ்வொரு படுக்கையும் எனக்கு ஒரு புதிர். விடுமுறை எடுக்கச் சொன்ன அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

கால் மடக்குகிற ஊர்

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதிக் கதை விளங்கும்.

காஞ்சிபுரத்து ஜனங்கள் மரியாதைக்காரர்கள். டாக்டர் வருகிறார் என்றால் படுத்திருக்கிற நோயாளி எழுந்து உட்காரப் பார்ப்பார். முடியாவிட்டால் காலை மடக்கிப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். பெரியவர்களுக்கு நேராகக் கால் நீட்டக்கூடாதே. நாங்கள் ரவுண்ட்ஸ் போகப் போக, வரிசையாகக் கால்கள் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நூற்று நாலு டிகிரியில் உளறுகிறவர்கூட அந்த ஒன்றை மறக்க மாட்டார். பெண் டாக்டர் என்றால் கேட்கவே வேண்டாம்.

நாங்களும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. காய்ச்சல்காரரின் மார்பைப் பார்ப்போம், நாக்கைப் பார்ப்போம், கை நகத்தைப் பார்ப்போம். காலில் எங்களுக்கு என்ன வேலை?

தரையில் இருந்தவர்

வரதன் காட்டிய இடத்தில் ஒரு மனிதர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்காலை மடக்கிக் கட்டிக்கொண்டு, பாதங்களை வேட்டிக்குள் இழுத்து மூடியிருந்தார். உதடு சிவப்பு. விரல் நகங்கள் அதைவிடச் சிவப்பு.

"இவருக்கென்ன, மாப்பிள்ளை மாதிரி செக்கச் செவேல்னு இருக்காரு. மாத்திரை குடுத்து அனுப்புங்க" என்றார் பெரிய டாக்டர்.

"உங்க பேர் என்ன?" என்று நான் குனிந்து கேட்டேன்.

"ஏ" என்றார். மூச்சு வாங்கினார். "காம்" என்றார். மறுபடி மூச்சு. "பரம்."

ஒரு பெயரைச் சொல்ல மூன்று மூச்சு. எனக்குள் சுரீர் என்றது. மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து மூடுவது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"வரதன், இவர் நகம் ஏன் இப்படிச் சிவப்பா இருக்கு?"

"எங்க பட்டறையில ஆளுங்கல்லாம் ஜுரத்துல படுத்துக்கினாங்கம்மா. மச்சான் தறியை விட்டுட்டு எனக்கு ஒத்தாசைக்கு வந்தாரு. நான் உடலுக்கு நீலம் போட்டேன், அவரு கரைக்கு அரக்கு போட்டாரு. ரெண்டும் ஒரே பொடவைக்குத்தாம்மா."

உதட்டுச் சிவப்பு எதனால் என்று கேட்க வேண்டியதில்லை. வெற்றிலை. நாக்கு, ஈறு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாமே வெற்றிலைச் சிவப்பு. மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு எங்கெங்கே பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்களோ, அங்கெல்லாம் இந்த மனிதர் அழகாக வர்ணம் பூசிக்கொண்டு வந்திருந்தார்.

வேட்டி ஓரத்தைப் பிடித்தேன். அவர் பாதத்தை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வேணா... மா" என்றார்.

வாசலில் நின்றிருந்த அவர் மனைவி பச்சையம்மா, வரதனின் தங்கை, பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "ஐயோ டாக்டரம்மா, நீங்க போயி அவரு காலைத் தொடலாமா? வாணாம்மா, பாவம்மா."

"பாவ புண்ணியம் அப்புறம் பாத்துக்கலாம், நகருங்க" என்று அதட்டிவிட்டு அவர் காலை வெளியே இழுத்தேன்.

நெய்யும்போது காலைத் தொங்கவிடுகிற தறிக் குழிக்குள்ளேயே காலம் கழித்த பாதம். வெளுத்து, சுத்தமாக இருந்தது. சாயப் பட்டறையில் கையைத்தான் நனைத்திருந்தாரே தவிர, செருப்பைக் கழற்றவில்லை போலிருக்கிறது. அந்த வெளுத்த விரல்களின் நுனியில் நகங்கள் சிலேட்டுப் பலகை நிறத்தில் இருந்தன. காது மடலைத் திருப்பினேன். அங்கேயும் அதே நிறம்.

பெரிய டாக்டரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். ஸ்டெதஸ்கோப் ஏற்கெனவே ஏகாம்பரத்தின் முதுகில் இருந்தது.

"ரெண்டு பக்கமும் நுரையீரல் அடியில நெறுநெறுன்னு சத்தம் கேக்குது" என்றார் மெதுவாக. அவரால் மெதுவாகவும் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்த நொடியே குரல் கூரைக்குப் போய்விட்டது. "சிஸ்டர், பென்சிலின். யோவ் நீலக்காரரே, எழுந்திருங்க முதல்ல."

வரதன் துள்ளி எழுந்தார். தான் சாகப்போவதில்லை என்பதும், சாகக்கூடிய நிலையில் மச்சான் இருக்கிறார் என்பதும் ஒரே சமயத்தில் அவருக்குப் புரிந்தது. அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

சாயம் ஏறுகிறது

ஏகாம்பரத்தைக் கட்டிலில் ஏற்றி, தலைப்பக்கம் உயர்த்தி, முகமூடியைப் பொருத்தினோம். அப்போது பார்த்தால் சிலிண்டரின் மீட்டர் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஒரு பூரண ஆரோக்கியசாலி அவ்வளவு நேரமாக அதைச் சுவாசித்திருக்கிறார் அல்லவா? புது சிலிண்டர் செங்கல்பட்டிலிருந்து வர வேண்டும். வண்டி கிளம்பிவிட்டது என்று போனில் சொன்னார்கள். ரோடு கிடந்த லட்சணத்துக்கு அது எப்போது வந்து சேரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

முழு வேகத்தில் விட்டால் வண்டி வருவதற்குள் தீர்ந்துவிடும். ரொம்பக் குறைத்தால் மனிதர் தாங்க மாட்டார். எவ்வளவு குறைவாக விட்டால் போதும் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதை எங்களுக்குச் சொல்லக்கூடியது அந்த மனிதரின் உடம்பில் சாயம் படாத இரண்டே இடங்கள்தான். காதை முகமூடியின் வாரும் கட்டும் மறைத்துவிட்டன. மீதி இருந்தது கால்.

"நீங்க கால் பக்கம், நான் குழாய்ப் பக்கம்" என்றார் பெரிய டாக்டர். கோட்டைக் கழற்றி வீசிவிட்டு வால்வைப் பிடித்துக்கொண்டார். தவறு நடந்ததற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனிதர் இல்லை அவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிடம்தான்.

நான் ஜன்னல் கதவை முழுக்கத் திறந்து, வெளிச்சம் பாதத்தில் விழும்படி கட்டிலைத் திருப்பச் சொன்னேன். வரதன் கேட்காமலேயே மறுபக்கம் வந்து மச்சானின் இடது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பாய்களில் இருந்தவர்கள் இருமலை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"குறைக்கிறேன்" என்றார் பெரிய டாக்டர்.

நகங்கள் கறுத்தன.

"பத்தல டாக்டர், கொஞ்சம் கூட்டுங்க."

கூட்டினார். காத்திருந்தோம். கறுப்பு அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினார். முள் கீழே இறங்குவதைச் சிஸ்டர் வாய்விட்டுச் சொன்னபோது பச்சையம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இந்த மனிதரை இழந்துவிடுவோம் என்று நான் நிஜமாகவே நினைத்தேன்.

வரதன்தான் முதலில் வாயைத் திறந்தார். மச்சானின் பாதத்திலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"சாயம் ஏறுதும்மா" என்றார். "கட்டை விரலப் பாருங்க. ரோஸ் ஏறுது."

பார்த்தேன். நகத்தின் அடியிலிருந்து மிக மெல்லிய சிவப்பு ஒன்று மேலே வந்துகொண்டிருந்தது. நான் நகத்தை அழுத்திவிட்டு விட்டேன். வெளுத்தது, மறுபடி சிவந்தது. எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. டாக்டர் என்ற மரியாதைக்காகக் குதிக்கவில்லை.

"அங்கேயே நிறுத்துங்க டாக்டர். தொடாதீங்க."

அப்புறம் செங்கல்பட்டு வண்டி வரும்வரை அதே விளையாட்டுத்தான். நிறம் நன்றாக இருந்தால் வால்வை ஒரு மயிரிழை குறைப்பார். மங்கினால் நான் கையைத் தூக்குவேன், அவர் கூட்டுவார். ஆண்கள் வார்டு முழுக்க ஒரு நெசவாளியின் கால் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கஞ்சி கொண்டுவந்த ஆயாம்மாகூட வாளியை இறக்கி வைத்துவிட்டு நின்றுவிட்டாள். சாயங்கால வெயில் ஜன்னலை விட்டு இறங்குகிற நேரத்தில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

பென்சிலின் தன் வேலையைச் செய்தது. அந்த வாரக் கடைசியில் ஏகாம்பரம் தன் பெயரை ஒரே மூச்சில் சொன்னார். நான் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

மறுநாள் ரவுண்ட்ஸ்

சிலிண்டர் வண்டி வந்த மறுநாளிலிருந்தே எங்கள் ரவுண்ட்ஸ் தலைகீழாகிவிட்டது. கட்டிலின் கால்மாட்டிலிருந்துதான் தொடங்குவோம். "காலை நீட்டுங்க, பார்க்கணும்" என்று பெரிய டாக்டர் முழங்குவார். ஜனங்கள் கூசிப்போனார்கள். ஏனாத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி, "சேத்துக் காலும்மா" என்று சொல்லி ஈரத் துணியால் துடைத்துக் கொடுத்த பிறகுதான் நீட்டினார்.

சின்ன காஞ்சிபுரத்து சமஸ்கிருத வாத்தியார் ஒருவர் மட்டும் கூசவே இல்லை. ஜுரத்திலும் அவருக்குக் குறும்பு குறையவில்லை.

"பெருமாளைச் சேவிக்கிறச்சே திருவடியிலேர்ந்துதான் ஆரம்பிக்கணும். நீங்க முறையாத்தான் பண்றேள். ஆனா சேவிக்கிற அளவுக்கு என் கால்ல ஒண்ணும் இல்லையே" என்றார். பெரிய டாக்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் படுக்கைக்காரர் திடுக்கிட்டு விழித்துக்கொண்டார்.

அடுத்த பனி

அந்தப் பருவம் முடிந்தது. தெருக்களில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாகத் திரும்பியது. ஏகாம்பரமும் பச்சையம்மாவும் மறுபடி தறிக்குழியில் உட்கார்ந்தார்கள். நீலமும் அரக்குமாக அந்தப் புடவை நெய்து முடிந்தபோது மடித்து எடுத்துக்கொண்டு வந்து எனக்குக் காட்டிவிட்டுப் போனார்கள். விற்கப் போகிற புடவைதான். இருந்தாலும் நான் பார்க்காமல் அதை அனுப்ப மனசு வரவில்லை என்றாள் பச்சையம்மா.

அடுத்த வருஷம் பனி இறங்கியதும் ஃப்ளூ மறுபடி வந்தது. முதல் அலையிலேயே சாயப் பட்டறைக்காரர்கள் விழுந்தார்கள். ஒரு காலையில் நான் வார்டுக்குள் நுழைந்தால், கட்டிலில் வரதன். இந்த முறை நிஜமான காய்ச்சல், நெற்றி கொதித்தது. மச்சான் ஏகாம்பரம் துணைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

என்னைக் கண்டதும் வரதன் சொல்லாமலேயே காலை நீட்டினார். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கை பச்சை. கால் அதைவிடப் பச்சை. உதட்டில் வெற்றிலை. காது மடலில்கூட ஈரக் கையால் சொறிந்த பச்சைக் கறை.

"என்ன வரதன் இது? நான் எங்கே பார்க்கிறது?"

"சாயத் தண்ணியிலயே நின்னுக்கினு இருக்கிறோமேம்மா, இன்னா பண்றது" என்றார். இருமினார். பிறகு வலது காலை என் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார். "சுண்டு விரலப் பாருங்கம்மா."

வலது காலின் சுண்டு விரலில் மட்டும் ஒரு பழைய துணி சுற்றி, அதன்மேல் மெழுகு தடவி, பட்டு நூலால் இறுக்கமில்லாமல் கட்டியிருந்தது. அடிபட்ட கட்டு என்று நினைத்தேன்.

"காயமா?"

"காயம் இல்லமா. பனி ஆரம்பிச்ச நாள்லேருந்து தெனமும் பட்டறைக்குப் போறப்ப கட்டிக்கினு போறேன். சாயம் படக்கூடாதுன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "நம்ம பட்டறையில அல்லாருமே கட்டிக்கினுதாம்மா இருக்கிறாங்க. ஜுரம் வந்தா உங்களுக்குப் பாக்க ஒரு எடம் வேணும் இல்ல?"

வராந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். பாய்களில் படுத்திருந்தவர்களின் பச்சை, மஞ்சள், ஊதாக் கால்கள் போர்வைக்கு வெளியே நீண்டிருந்தன. ஒவ்வொரு வலது காலிலும் சுண்டு விரலில் ஒரு துணி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து வரதனின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நூல் முடிச்சை அவிழ்த்தேன். பச்சைப் பாதத்தின் ஓரத்தில் அந்த ஒரு விரல் மட்டும் சுத்தமாக இருந்தது. நகத்தை அழுத்திவிட்டு விட்டேன்.

ஏகாம்பரம் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"ரோஸா இருக்குதாம்மா?" என்று கேட்டார் வரதன்.

"இருக்குது வரதன்" என்றேன்.